தீர்த்தமும் சிகிச்சையும்: கீரிமலையை முன்னிறுத்தி வதிவிடக் குடிநோய்ச் சிகிச்சை பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

கீரிமலை என்னும் பெயர் தமிழ் மக்களின் நினைவில் நோய்நீக்கத்தோடு இணைந்தே நிலைத்துள்ளது. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை, கீரிமுகங் கொண்ட நகுலமுனிவரின் கதையையும், குதிரைமுகமும் குன்மநோயும் உற்ற சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியின் கதையையும் இத்தலத்தோடு தொடர்புபடுத்துகின்றது. கடலோரச் சுண்ணாம்புப் பாறையினின்றும் சுரக்கும் நன்னீரில் நீராடி இருவரும் நலம்பெற்றனர் என்பது ஐதிகம். வரலாற்றாசிரியர் இக்கதைகளின் காலக்கணிப்பை ஐயுறுவர், அது நியாயமே. ஆயின் ஐதிகங்கள் நிகழ்ச்சிகளைப் பற்றிப் பொய்யுரைக்கும் வேளையிலும், அவற்றை வழங்கிய சமுதாயத்தின் எண்ணங்களைப் பற்றி மெய்யே உரைக்கின்றன. இளவரசியின் கதையில் நீரின் மகிமை மட்டும் பேசப்படவில்லை. அவள் தன் அரண்மனையை விட்டு நீங்குகின்றாள். பரிவாரத்துடன் பாளையமிட்டு நாட்பலவாகத் தங்குகின்றாள். விரதமும் நீராடலும் கொண்ட ஒழுங்கொன்றை மேற்கொள்கின்றாள். நோய் நீங்கியபின் பழைய வாழ்வுக்குத் திரும்பாது மாவிட்டபுரத்தில் ஆலயம் எழுப்பி இவ்விடத்திலேயே வாழ்வைத் தொடங்குகின்றாள். இடம் பெயர்தல், தங்குதல், ஒழுங்கு, புதிய வாழ்வு என்னும் இந்நான்கும் இன்று வதிவிடச் சிகிச்சை என வழங்கப்படும் முறையின் உறுப்புகளாகவும் அமைந்துள்ளமை கருதத்தக்கது. பாளையமிடுதற்குப் பரிவாரமும் பொருளும் வேண்டும் என்பதையும் கதை தன்னையறியாமலே சொல்லிவிடுகின்றது. அவள் அரசகுமாரி, கள்ளிறக்கும் தொழிலாளியின் மகள் அல்லள்.

மது, போதைப்பொருள் ஆகியவற்றுக்கு அடிமையுற்றோர் சிலகாலம் ஓரிடத்தில் தங்கிப் பெறும் சிகிச்சை அவரது மீட்சிக்கு எவ்வாறு உதவுகின்றது, எங்கே உதவத் தவறுகின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மருத்துவர்கள் எழுதவேண்டிய பொருளில் இலக்கிய மாணாக்கர் தலையிடுவது பொருந்துமோ என்று சிலர் வினவக்கூடும். குடிநோயாளி மருத்துவமனைக்கு வருமுன்னரே நமது மொழியில் தீர்ப்பளிக்கப்பட்டுவிடுகின்றான் என்பதே நமது விடை. குடிகாரன், வெறிகாரன் என்னுஞ் சொற்கள் நோயைக் குறிப்பனவல்ல, ஆளைக் குறிப்பன. நமது நாடகங்களிலும் சிறுகதைகளிலும் அவன் நகைப்புக்குரியவனாக வருவான். அன்றேல் மனைவியை அடிக்கும் கொடியவனாக வருவான். ஈரலும் நரம்பும் கெட்ட நோயாளியாக அவன் வருவது அருமையே.

இத்தீர்ப்பு எங்கிருந்து பிறந்தது என்பதை யாழ்ப்பாணத்துச் சமூக அமைப்பில் வைத்தே நோக்குதல் வேண்டும். பனை இம்மண்ணின் பெருஞ்செல்வம். அதிலேறிக் கள்ளிறக்கும் உழைப்புச் சில சாதியினர்மீது சுமத்தப்பட்டது; அக்கள்ளைப் பருகுவதில் மட்டும் எல்லாச் சாதியினருக்கும் பங்கிருந்தது. உழைப்பவன் தீண்டத்தகாதவன், அவனது உழைப்பின் பயனோ தீண்டத்தக்கது என்னும் இந்த முரண்பாடு மதுவிலக்குப் பிரசாரத்தினுள்ளும் புகுந்தது. சைவ ஒழுக்கத்தின் பெயராற் குடியைக் கடிந்தோர் பலர், குடியோடு கூடவே மரமேறும் மக்களையும் கடிந்தனர். தெற்கிலும் நிலைமை தூயதாக இருந்ததில்லை. 1904ஆம் ஆண்டிலும் 1912ஆம் ஆண்டிலும் எழுந்த மதுவொழிப்பியக்கம் தேசிய எழுச்சியின் முன்னோடியாகப் போற்றப்படுகின்றது. இலங்கை முதலாளி வர்க்கத்தின் ஆரம்ப மூலதனத்தில் சாராயக் குத்தகை எத்துணைப் பெரும்பங்கு வகித்தது என்பதையோ குமாரி ஜயவர்த்தனா தமது 2000ஆம் ஆண்டு நூலில் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். ஒரு வர்க்கம் சாராயத்தாற் செல்வம் திரட்டியது. அவ்வர்க்கத்தின் அடுத்த தலைமுறையினர் சிலர் மதுவொழிப்பு மேடைகளில் ஒழுக்கம் போதித்தனர்.

1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நடைபெற்ற ஆலயப்பிரவேசப் போராட்டம் கீரிமலைக்குக் கூப்பிடு தொலைவில் நிகழ்ந்தது. 1972இல் தவறணைக் குத்தகை முறைக்கு மாற்றாகக் கள்ளிறக்கும் தொழிலாளருக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. அதே ஆண்டில் டானியலின் பஞ்சமர் நாவலின் முதற்பாகம் வெளிவந்தது. இவற்றை ஈண்டுக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. கூட்டுறவுச் சங்கம் தொழிலாளியைக் குத்தகைக்காரனின் பிடியிலிருந்து ஓரளவு விடுவித்தது. ஆனால் அவன் வாழ்வு கள்விற்பனையிலேயே தங்கியிருக்கும் நிலை தொடர்ந்தது. ஆகவே இப்பகுதியில் மதுவைப் பற்றிப் பேசுவோர், ஒரு சாராரின் நோயைப் பற்றிப் பேசும் அதேவேளையில் இன்னொரு சாராரின் உலைநீரைப் பற்றியும் பேசுகின்றனர். பனங்கட்டி, கருப்பநீர் முதலிய மாற்றுகளின் சந்தையைப் பற்றி வாய்திறவாத மதுவொழிப்புப் பேச்சு அத்தொழிலாளரின் செவியில் எவ்வாறு ஒலிக்கும் என்பதை ஊகித்தல் கடினமன்று.

பின்னர் நிகழ்ந்தவை கள்ளையும் கடந்தவை. 1950இல் உற்பத்தி தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை கீரிமலைச் சுற்றாடலில் ஒரு தொழிலாளர் வர்க்கத்தை உருவாக்கியிருந்தது. 1990இல் யுத்தத்தினால் ஆலை நின்றது. வலிகாமம் வடக்கின் மக்கள் பெயர்ந்தனர். அவர்களது ஊர்கள் உயர்பாதுகாப்பு வலயமாயின. மல்லாகம், சுன்னாகம் பகுதிகளின் நலன்புரி முகாம்களிற் கால் நூற்றாண்டைக் கழித்த குடும்பங்கள் உள்ளன. தோட்டமும் கடலும் ஆலையும் இழந்த ஆண்மகனுக்குக் கூலிவேலை கிடைக்கும் நாளுமுண்டு, கிடையாத நாளுமுண்டு; கசிப்பும் சாராயமும் கிடையாத நாள் இல்லை. பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் வெளியிட்ட நூலிலும் அதன்பின் எழுதியவற்றிலும், யுத்தத்தின் உளவடுக்கள் தனியாளின் வடுக்களாக மட்டுமன்றிக் குடும்பத்தினதும் சமுதாயத்தினதும் வடுக்களாகவும் உள்ளன என்பதை வற்புறுத்தியமை இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. யுத்தம் முடிந்த 2009இன் பின்னர் கஞ்சாவும், அதனைத் தொடர்ந்து ஹெரோயினும் ஐஸ் எனப்படும் மெதம்பெற்றமினும் வடபகுதி இளைஞரிடையே பரவின. பிள்ளையைச் சிகிச்சைக்கு எங்கே அனுப்புவது என்பது இன்று பல பெற்றோரின் அன்றாடக் கேள்வியாயிற்று.

வதிவிடச் சிகிச்சையில் நிகழ்வது யாது? முதற்கட்டம் உடல்சார்ந்தது. நெடுங்காலம் பெருமளவிற் குடித்தவர் திடீரென நிறுத்துவாராயின் சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தோன்றும். முதலிரண்டு நாள்களுள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையிற் சித்தப்பிரமையும் மாயக்காட்சிகளும் கூடிய கொடிய நிலை உண்டாகலாம். அது உயிரையும் போக்கவல்லது. டயசிபாம் போன்ற மருந்துகளைப் படிப்படியாகக் குறைத்துக் கொடுத்தலும், தயமின் என்னும் உயிர்ச்சத்தை ஏற்றுதலும் இங்கு இன்றியமையாதன. ஹெரோயினை நிறுத்துவோர் அடையும் வேதனை இரண்டு மூன்று நாள்களில் உச்சமடைந்து ஏறக்குறைய ஒரு வாரத்திலோ பத்து நாளிலோ தணியும். அது பெரும்பாலும் உயிர்கொல்வதன்று, ஆனால் தாங்கொணாதது. எனவே, கோயில் வாசலிற் சத்தியம் பண்ணிவிட்டு அன்று மாலையே முற்றாக நிறுத்துமாறு கடுங்குடியரை வற்புறுத்தும் உறவினர், நன்மை செய்வதாக எண்ணி அவரை ஆபத்தில் தள்ளிவிடக்கூடும். சத்தியத்தை நாம் இகழவில்லை. சத்தியத்துக்கு முன்னர் வைத்தியர் வேண்டும் என்பதே நாம் கூறுவது. கீரிமலைக்குச் சில மைல் தொலைவில் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையும் அதன் உளநலப் பிரிவும் உள்ளன.

உடல் தெளிதல் சில நாள்களில் முடிந்துவிடும். உண்மையான சிகிச்சை அதன் பின்னரே தொடங்குகின்றது. குடிப்பவரின் நாள் மதுவைச் சுற்றியே ஒழுங்குபட்டிருக்கும்: காலையில் நடுக்கந்தீரக் குடித்தல், கடன் பெறுதல், கூட்டாளியைத் தேடுதல், மாலையிற் தவறணை. மதுவை எடுத்துவிட்டால் நாள் வெறுமையாகின்றது. விடுதியின் நேர ஒழுங்கு இவ்வெறுமையை நிரப்புகின்றது. விழித்தெழுதல், கூட்டாக உண்ணுதல், இடத்தைத் துப்புரவாக்குதல், தோட்டவேலை, குழுவாக அமர்ந்து பேசுதல் என்பன வெளிப்பார்வைக்கு அற்பமானவை; காலத்தின்மீதான ஆட்சியை இழந்த ஒருவருக்கு அவையே சிகிச்சை. குழுவில் அமர்வது அதனினும் முக்கியமானது. தன் வீழ்ச்சி தனக்கு மட்டும் உரிய இழிவு என எண்ணியிருந்தவர், தம்மைப்போலவே நகையை அடகுவைத்தவர், பிள்ளையின் பாடசாலைக் காசை எடுத்தவர், பொய்சொல்லிக் கடன்பட்டவர் இன்னும் பலர் உளர் எனக் காண்கின்றார். தனிமனிதக் குற்றம் பொது அனுபவமாக மாறும் இக்கணத்தின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிடலாகாது. 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் இரு குடிநோயாளரின் சந்திப்பிலிருந்து பிறந்த பெயரறியாக் குடிநோயாளர் சங்கம் உலகெங்கும் பரவியமைக்கு, அதன் ஆன்மிகச் சொற்களைவிட இந்தச் சமத்துவமே காரணம் என்பது நமது கருத்து. அங்கே சிகிச்சையளிப்பவரும் பெறுபவரும் ஒரே தரத்தினர்.

எனினும் விடுதி தன்னளவில் அற்புதம் நிகழ்த்துவதில்லை. 1977இல் கிரிபித் எட்வர்ட்ஸ் குழுவினர் இலண்டனில் வெளியிட்ட ஆய்வு இத்துறையினரை அதிரவைத்தது. திருமணமான நூறு குடிநோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மனைவியர் உடனிருக்க ஒரேயொரு அமர்வில் ஆலோசனை வழங்கினர்; மறுபிரிவினருக்கு ஓராண்டு முழுவதும், தேவையாயின் மருத்துவமனையிற் தங்கவைத்தல் உட்பட, விரிவான சிகிச்சை வழங்கினர். ஆண்டிறுதியில் இரு பிரிவினருக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இதனைக்கொண்டு சிகிச்சை வீண் என முடிவுகட்டுவது அவசரமாகும். ஆய்வுக்குட்பட்டோர் அனைவரும் இல்லமும் மனைவியும் உடையோர். அவர்தம் வாழ்க்கையே அவர்களைத் தாங்கிநிற்கும் விடுதியாக இருந்தது. வீடற்றோர், வன்முறை நிறைந்த வீட்டினர், நோய் முற்றியோர் ஆகியோருக்கு அந்த அடித்தளம் இல்லை. தங்கிப் பெறும் சிகிச்சை இவர்களுக்கே மிகுதியும் தேவைப்படுகின்றது. நடைமுறையில் அது மிகுதியும் கிடைப்பது கட்டணஞ் செலுத்த வல்லோருக்கே. 1990களில் அமெரிக்காவில் நிகழ்ந்த விரிவான ஆய்வுகள், மூன்று மாதத்துக்குக் குறைவாகத் தங்கியோரிடத்துப் பயன் சிறிதே என்று காட்டின. தினக்கூலி பெறும் ஒருவர் மூன்று மாதம் உழைப்பை விட்டிருக்க அவரது குடும்பம் எதனை உண்ணும் என்ற வினாவை அவ்வாய்வுகள் எழுப்பவில்லை.

லீ ரொபின்ஸ் அம்மையார் வியட்நாமிலிருந்து 1971இல் நாடு திரும்பிய அமெரிக்கப் போர்வீரரிடையே நடத்திய ஆய்வு இன்னொரு வகையிற் சிந்தனைக்குரியது. அங்கு ஹெரோயினுக்கு அடிமைப்பட்டிருந்தோரில் ஏறத்தாழ இருபதில் ஒருவரே நாடு திரும்பிய முதலாண்டில் மீண்டும் அடிமையாயினர். பெரும்பாலானோர் எச்சிகிச்சையும் பெறவில்லை. போர்க்களமும், அதன் அச்சமும், மலிவாகக் கிடைத்த பொருளும் ஒருங்கே நீங்கியபோது பழக்கமும் நீங்கிற்று. புறச்சூழலே மனிதனின் உணர்வை உருவாக்குகின்றது என்று நாம் கூறும்போது அதனைச் சூத்திரம் எனத் தள்ளுவோர் இவ்வாய்வை ஊன்றிப் படிக்கவேண்டும். அதேவேளை நம்மவருக்கும் இதிலொரு பாடம் உண்டு. அவ்வீரர்கள் போரைப் பின்னே விட்டு வேறொரு நாட்டுக்குச் சென்றனர். கீரிமலையிலிருந்து சிகிச்சைக்குச் செல்பவரோ அதே ஒழுங்கைக்கு, அதே கடனுக்கு, அதே தவறணை வாயிலுக்குத் திரும்பிவருகின்றார்.

இவ்விடர்ப்பாட்டுக்கு நேர்முகமாக விடைதேடிய முயற்சியொன்று தமிழகத்தில் நிகழ்ந்தது. குடிநோயாற் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இற் சென்னையில் ரி. ரி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிலையத்தை நிறுவினார். நகர மருத்துவமனைக்கு வரவியலாக் கிராமத்தவரின் பொருட்டு, 1989 முதற் காவிரி வடிநிலத்து மஞ்சக்குடியில் அந்நிலையம் முகாம்களை நடத்தலாயிற்று. ஊரிலேயே ஒரு கட்டடத்திற் குடிநோயாளர் குழுவாக ஏறக்குறைய பதினைந்து நாள் தங்குவர். மருந்தும் குழுவுரையாடலும் அங்கேயே நடைபெறும். குடும்பத்தினரும் அழைத்துப் பேசப்படுவர். முகாம் முடிந்தபின் சிகிச்சையாளர் காலந்தோறும் ஊருக்குத் திரும்பிவந்து அவர்களைச் சந்திப்பர். நோயாளர் பலர் விவசாயக் கூலிகள். இம்முறையின் சிறப்பு அதன் மலிவில் மட்டும் இல்லை. நோயாளியை ஊரிலிருந்து பிரித்தெடுத்துத் திருத்தி அனுப்புவதற்கு மாறாக, ஊரின் கண்முன்னே திருந்தவைக்கின்றது. ஊரும் அவரைப் புதிதாகப் பார்க்கக் கற்றுக்கொள்கின்றது. குடியை விட்ட ஒருவர் அடுத்த முகாமில் உதவியாளராக நிற்கும்போது 'குடிகாரன்' என்ற பழைய சொல் தளர்ந்துபோகின்றது. தமிழக அரசின் வாணிபக் கழகம் 2003 முதல் மதுச் சில்லறை விற்பனையைத் தன் ஏகபோகமாக நடத்திவரும் நாட்டிலேயே இதுவும் நிகழ்ந்தது. ஒருகையால் விற்று மறுகையால் மருந்து கொடுப்பதை முதலாளித்துவ அரசின் முரண்பாடு என்பதா, நகைச்சுவை என்பதா?

தலங்களிற் தங்கி நலம்பெறும் மரபையும் இங்கே மீண்டும் எண்ணிப்பார்த்தல் தகும். தமிழகத்துக் கோயிலொன்றிற் தங்கியிருந்த உளநோயாளர் 31 பேரை ரகுராமும் பிறரும் ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட கட்டுரை, ஏறத்தாழ ஆறுவாரம் தங்கிய அவர்களிடத்து நோய்க்குறிகள் ஐந்திலொரு பங்களவு குறைந்தமையைக் காட்டியது. அவர்கள் அங்கு எம்மருந்தும் பெறவில்லை. அன்றாடச் சிறுவேலைகளில் ஈடுபட்டனர். எவரும் அவர்களை இழிவாக நடத்தவில்லை. பகுத்தறிவாளர் இதனைக் கண்டு முகஞ்சுளிக்க வேண்டியதில்லை. குணப்படுத்தியது மதிப்பும் ஒழுங்கும் எனலாம். ஆனால் இதற்கு ஓராண்டு முன்னர், 2001 ஆகஸ்ட் 6ஆந் திகதி, இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியில் விடுதியொன்றிற் தீப்பற்றியபோது சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த 28 உளநோயாளர் கருகி மாண்டனர். தங்குதல் என்பது தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. கதவு எப்பக்கமிருந்து பூட்டப்படுகின்றது என்பதே வினா.

இவ்வினா இலங்கையில் மிகவும் கூர்மையுற்றுள்ளது. அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுத் தேசிய சபை 1984இல் நிறுவப்பட்டது. அதன் நிலையங்களும், கொழும்பிற் சுமித்ரயோ அமைப்பின் மெல் மெதுர போன்ற தொண்டு நிலையங்களும் விரும்பி வருவோருக்குச் சிகிச்சை அளித்துவந்துள்ளன. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் நீதிமன்றக் கட்டளையின் பேரிற் கட்டாயமாகத் தங்கவைத்துச் சிகிச்சையளிக்க வழிவகுத்தது. பொலனறுவை மாவட்டத்துக் கந்தகாடு நிலையம் இவ்வழியில் வந்தது. படையினரின் மேற்பார்வையில் இயங்கியது. 2022 ஜூனில் அங்கிருந்த ஒருவர் இறந்ததையடுத்து நூற்றுக்கணக்கானோர் வேலியை உடைத்துக்கொண்டு வெளியேறினர். சிகிச்சை பெறுவோர் மருத்துவமனையை உடைத்துக்கொண்டு ஓடுவதில்லை. கட்டாயத் தடுப்பு நிலையங்களை மூடுமாறு ஐக்கிய நாடுகள் அமைப்பின் பன்னிரண்டு முகவரகங்கள் 2012 மார்ச்சிற் கூட்டாகக் கோரியிருந்தமை ஈண்டு நோக்கற்பாலது.

வடபகுதித் தமிழருக்கு இதில் இன்னொரு முள்ளும் உண்டு. 2009இன் பின்னர் சரணடைந்த, பிடிக்கப்பட்ட முன்னாட் போராளிகள் பல்லாயிரவர் அனுப்பப்பட்ட இடத்தின் பெயரும் புனர்வாழ்வு நிலையமே. கந்தகாடும் அத்தகைய நிலையமாகப் பயன்பட்டதுண்டு. போதைநோயாளியும் முன்னாட் போராளியும் ஒரே சொல்லால், ஒரே பணியகத்தால், சிலவேளை ஒரே வேலிக்குள் நிருவகிக்கப்பட்டனர். 'மகனைப் புனர்வாழ்வுக்கு அனுப்புங்கோ' என்று ஓர் உத்தியோகத்தர் நல்லெண்ணத்தோடு கூறுகையிற் தாயொருத்தி ஏன் அஞ்சுகின்றாள் என்பதை அகராதி விளக்காது. சொல்லின் வரலாறே விளக்கும். மீட்சி, சுகவாழ்வு போன்ற வேறு சொற்களை நாம் ஆளுதல் நலம். சொல்லை மாற்றினாற் போதும் என்று மட்டும் எவரும் எண்ணிவிடலாகாது.

நமது அணியினர் சங்கடத்தோடு கடந்துசெல்லும் உண்மையொன்றையும் மறைத்தல் முறையன்று. சோவியத் நாட்டில் 1960களில் எழுந்த உழைப்புச் சிகிச்சை நிலையங்கள், நாட்பட்ட குடியரை நீதிமன்ற ஆணையின் பேரில் ஓராண்டு, ஈராண்டு எனத் தடுத்து வேலைவாங்கின. உழைப்பு மனிதனைப் புதுக்கும் என்னும் உயரிய கோட்பாடு அங்கே காவலாளியின் சாவிக்கொத்தாயிற்று. ருசியாவில் அவை 1994இல் ஒழிக்கப்பட்டன. தொழிலாளர் குடிக்குப் பலியாவதன் காரணத்தை இங்கிலாந்தின் ஆலைநகர்களிற் தேடிய எங்கல்ஸ் 1845இலேயே அவர்களது வீட்டையும் வேலைநேரத்தையும் சோர்வையும் சுட்டியிருந்தார். குடியரைப் பூட்டிவைக்கும்படி அவர் கூறவில்லை.

விடுதியை விட்டு வெளியேறும் நாளே மிகவும் இடர்மிக்க நாள். ஹெரோயினைச் சில வாரம் நிறுத்தியவரின் உடல் பழைய அளவைத் தாங்கும் வலுவை இழந்திருக்கும். பழைய அளவையே மீண்டும் எடுப்பாராயின் மூச்சடங்கி இறக்க நேரும். இதனை முன்கூட்டியே அவருக்கும் குடும்பத்துக்கும் விளங்கச் சொல்லாத நிலையம் தன் கடமையிற் பாதியையே செய்துள்ளது. மெதடோன், புப்ரெனோர்பின் ஆகிய மருந்துகளை உலக சுகாதார நிறுவனம் 2005இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்தது. போதைக்கு மாற்றுப் போதை என இவற்றைக் குறைகூறுவோர் இறப்புகளின் எண்ணிக்கையையும் கருதவேண்டும். மது நோயாளியைப் பொறுத்தவரை மீளக் குடித்தல் பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துள் நிகழ்கின்றது. ஒருமுறை வழுவியவரைச் சிகிச்சை தோற்றுவிட்டது என்று கைவிடுவது, நீரிழிவுக்காரர் ஒருநாட் சீனி உண்டமைக்காக மருந்தை நிறுத்துவது போன்றதே.

பெண்களைப் பற்றி இதுவரை நாம் கூறியது போதாது. குடிப்பவரின் மனைவியாகவே பெண் இவ்வாய்வுகளில் வருகின்றாள். கணவன் விடுதியிலிருக்கும் வாரங்களிற் கடன்காரருக்கு மறுமொழி சொல்பவள் அவளே. திரும்பிவந்தவர் மீளக் குடித்தால் ஊர் குறைசொல்வதும் அவளையே. அவள் தானே நோயாளியானால் அவளுக்குரிய விடுதி எங்கே என்று கேட்பதற்கும் நாணுகின்றது நமது சமூகம். யுத்தத்திற் கணவரை இழந்து குடும்பந் தாங்கும் பெண்கள் நிறைந்த மாவட்டத்தில், நித்திரை மாத்திரையோடு தொடங்கும் அடிமைத்தனத்தை எவரும் வெறி என்று அழைப்பதில்லை. அதனாலேயே எவரும் அதற்கு வைத்தியமும் தேடுவதில்லை.

ஆடி அமாவாசையிற் கீரிமலைக்கு வருவோர் பல்லாயிரவர். பிதிர்க்கடன் தீர்த்து, கேணியில் மூழ்கி, அன்று மாலையே திரும்பிவிடுகின்றனர். முன்னாளில் இங்கிருந்த மடங்கள் நாட்கணக்கிற் தங்குவோருக்கென எழுந்தவை. அத்தகைய கட்டடமொன்றில் மஞ்சக்குடியின் முறையில் ஒரு முகாம் நடைபெறுமாயின் அதற்கு வேண்டியவை அதிகமல்ல: தெல்லிப்பழையிலிருந்து வரும் வைத்தியர் ஒருவர், பயிற்சி பெற்ற ஆலோசகர் இருவர், தங்குவோரின் குடும்பங்களுக்கு அவ்வாரங்களுக்கான உலர் உணவு, கள்ளிறக்கும் தொழிலாளர் சங்கமும் அமரக்கூடிய ஒரு குழு. இவற்றுட் கடைசியானதே மிகக் கடினமானது. 1968இல் அடைக்கப்பட்ட வாயிலை நினைவில் வைத்திருப்போர் இன்னும் இப்பகுதியில் வாழ்கின்றனர். எந்த மடத்தின் எந்த வாயிலால் யார் உள்ளே வருவர் என்பது இங்கே இன்றும் பேசித் தீர்க்கவேண்டிய விடயமாகவே இருந்துவருகின்றது.